சீனியராகச் சேர்ந்த முதல் மாதத்தில் செய்யக் கூடாதவை

போன மாதம் எங்கள் டீமில் ஒருவர் சீனியர் இன்ஜினியராகச் சேர்ந்தார். சோழிங்கநல்லூர் ஆபீஸில் அவருக்கு முதல் டிசைன் மீட்டிங். ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை "ஓகே, ஓகே" என்று தலையாட்டினார். ஒரு கேள்விகூட இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடம் முன்பு பெருங்குடியில் இதே மாதிரி தலையாட்டிய ஆள் நான்.

நேரத்துக்கு வா, லேப்டாப்பைப் பூட்டி வை என்கிற ரகத்தை எல்லாம் விட்டுவிடுகிறேன்.

வந்த வாரமே பழைய புரோகிராமைத் திருத்தி எழுதுவது

வேண்டாம். 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற அந்த அசிங்கமான இஃப் கண்டிஷனுக்குப் பின்னால் யாரோ ஒருவர் தூங்காத ராத்திரி இருக்கும்.

"எங்க பழைய கம்பெனியில..."

மூன்று மாதத்துக்கு வாயில் வரக் கூடாது.

தெரிந்த மாதிரி தலையாட்டுவது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

சேர்ந்த இரண்டாவது வாரம், பேமெண்ட் கணக்கைச் சரிபார்க்கும் ரிப்போர்ட் ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். டேட்டாபேஸ் டேபிளில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு நேரம் பதிவாகியிருந்தது. அது நம்ம ஊர் நேரமா, யூடிசி என்கிற உலகப் பொது நேரமா? சந்தேகம் வந்தது. ஆனால் எட்டு வருட அனுபவம் என்று சொல்லிச் சேர்ந்தவன் இதையா போய்க் கேட்பது? இன்டர்வியூ எடுத்தவர் வேறு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். நாலைந்து வரிகளைப் பார்த்தேன், தேதி சரியாக இருந்தது. இந்திய நேரம்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

இருந்தது யூடிசி. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே நள்ளிரவு 12 முதல் விடியற்காலை 5.30 வரை நடந்ததெல்லாம் டேபிளில் முந்தைய நாள் தேதியில் இருக்கும். நான் பார்த்தவை பகல் நேரத்து வரிகள், அதில் எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் பணம் கட்டுகிறவர்கள் கம்மி என்பதால் தினசரி ரிப்போர்ட்டிலும் யார் கண்ணிலும் படவில்லை. மாதக் கணக்கு முடிக்கும்போது மாட்டியது. ஒன்றாம் தேதி அதிகாலையில் வந்த பணம் போன மாதத்தில் ஏறியிருந்தது. அக்கவுண்ட்ஸ்காரர்கள் மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எல்லா ரிப்போர்ட்டையும் மறுபடி ஓட்டினேன்.

எரிச்சல் அதற்காக இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணுக்கு விஷயம் தெரியும். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே அண்ணா" என்றார். தினமும் நாலு மணிக்கு நாங்கள் ஒன்றாகத்தான் டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம்!

புதிதாக வந்தவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற சலுகை சில வாரங்களுக்குத்தான். அதே கேள்வியை ஆறாவது மாதம் கேட்டால்தான் 'இவ்வளவு நாள் என்ன செய்தார்?' என்று நினைப்பார்கள். இப்போதெல்லாம் மூன்று வரியில் கேட்கிறேன்: எனக்குப் புரிந்தது இது, நான் பார்த்தது இது, இந்த இடத்தில் நிச்சயமில்லை. தனியாக அனுப்பாமல் குரூப்பிலேயே போடுவேன். பல நேரம் "எனக்கும் அதே டவுட்" என்று இன்னொருவர் வருவார்.

எல்லாச் சந்தேகத்துக்கும் ஒரே பெயர் வைப்பது

சாதித்த பிறகும் 'எல்லோரையும் ஏமாற்றுகிறோம், ஒருநாள் மாட்டுவோம்' என்று பயப்படுவதை பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1978-லேயே எழுதிவிட்டார்கள். நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்தது. 'இம்போஸ்டர்' (போலி ஆள்) என்ற சொல் அங்கிருந்துதான் நம் ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகள் வரை வந்திருக்கிறது. சரி, ஆறுதல்தான். ஆனால் என் யூடிசி சந்தேகம் அந்த ரகம் இல்லை. அது நியாயமான சந்தேகம். பயத்தோடு சேர்த்து அதையும் அமுக்கிவிட்டேன்.

ராத்திரி ஒளிந்து படிப்பது

குபர்னெட்டிஸ் மாதிரி எல்லா ஊரிலும் பயன்படுத்தும் சாஃப்ட்வேரைப் படிக்கலாம். உங்கள் கம்பெனி டேபிளில் எந்த ஊர் நேரம் இருக்கிறது என்று யூடியூபில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

மீட்டிங் முடிந்ததும் அந்தப் புதியவரை டீ குடிக்கக் கூட்டிப்போனேன். எது புரியவில்லை என்று கேட்டதும், கொஞ்சம் தயங்கிவிட்டு போனை எடுத்துக் காட்டினார். பதினேழு கேள்விகள் குறித்து வைத்திருந்தார். அதில் மூன்றுக்கு எனக்கும் பதில் தெரியாது. மறுநாள் மீட்டிங்கில் அந்த மூன்றையும் அவரையே கேட்கச் சொன்னேன்.