பழைய சொகுசு டீசல் கார்: வாங்கும் முன்னும் பின்னும்

எட்டு வருடம் ஓடிய ஜெர்மன் டீசல் செடான் ஒன்றைப் புது ஹேட்ச்பேக் விலைக்கு வாங்கினேன். விலை இறங்கியது காருக்குத்தான், உதிரிபாகங்களுக்கு இல்லை. அதனால் வாங்கும்போதே ஒன்றரை லட்சம் தனியாக எடுத்து வையுங்கள்.

காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆகத் திணறுவதும் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினின் சத்தமும் தெரியாது. காரின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கையும் கூட்டிப் போங்கள்.

அப்புறம், டிபிஎஃப். புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அந்தக் கரி எரிந்து போக வடிகட்டி சுமார் 600 டிகிரிக்குச் சூடாக வேண்டும். கோவை காந்திபுரம் சிக்னல்களில் மட்டும் உருட்டிக்கொண்டிருந்தால் அது நடக்காது. நான் அதைத்தான் செய்தேன். நான்கே மாதத்தில் டேஷ்போர்டில் வடிகட்டியின் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இப்போது ஞாயிறுதோறும் அவிநாசி தாண்டி, சேலம் சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுகிறேன். வீட்டில் இதற்கு 'காருக்கு வாக்கிங்' என்று பெயர்.

இன்ஜின் ஆயில் கையேட்டில் சொன்ன தரத்திலேயே இருக்கட்டும். தவறான ஆயிலின் சாம்பல் அதே வடிகட்டியில் சேரும். கரியைப் போல எரியாது. நான் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்பார்கள். நம்பாதீர்கள், ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள்.