மாலத்தீவு ரூஃபியா: பழைய தேதியின் மதிப்பைக் கணக்கிடுவது

பழைய சம்பளச் சீட்டிலோ ரசீதிலோ உள்ள ரூஃபியா, அன்றைக்கு இந்திய ரூபாயில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? நேரடியாக ரூஃபியா–ரூபாய் ரேட்டைத் தேடி அலைய வேண்டாம். ரூஃபியா டாலரோடு முடிச்சுப் போட்ட காசு. ஒரு டாலருக்கு எத்தனை ரூஃபியா, அதே நாளில் ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற இரண்டு எண்கள் கிடைத்தால் போதும்.

முதல் எண் சுலபம். 1994 அக்டோபரிலிருந்து 2001 ஜூலை வரை ஒரு டாலர் 11.77 ரூஃபியா. 2001 ஜூலையில் அதை 12.80 ஆக்கினார்கள், 2011 ஏப்ரல் வரை அதுவே நின்றது. அந்த ஏப்ரலில் 12.85ஐ நடுவில் வைத்து, மேலும் கீழும் 20 சதவீதம் நகரலாம் என்று ஒரு பட்டையை அறிவித்தார்கள். அதாவது 10.28 முதல் 15.42 வரை. காகிதத்தில்தான் பட்டை. ரேட் சீக்கிரமே உச்சிக்கு ஏறி 15.42இலேயே உட்கார்ந்துவிட்டது. 2011க்குப் பிந்தைய கணக்கில் 12.85ஐப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது பட்டையின் நடுப்புள்ளி, காசு கைமாறிய விலை அல்ல.

இரண்டாவது எண்ணுக்கு, 2018 ஜூலைக்கு முன் என்றால் ரிசர்வ் வங்கி அன்றாடம் வெளியிட்ட குறிப்பு விகிதம். அதற்குப் பின் எஃப்.பி.ஐ.எல். (ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம்) வெளியிடுவது. பிறகு வகுத்தல்தான். அன்று டாலர் 45 ரூபாய், 12.80 ரூஃபியா என்று வைத்துக்கொள்ளுங்கள்: 45 ÷ 12.80 = 3.5156. சீட்டில் 4,000 ரூஃபியா இருந்தால் ஏறக்குறைய 14,062 ரூபாய். இடையில் 3.5 என்று சுருக்கினால் 14,000தான் வரும், 62 ரூபாய் காணாமல் போகும். நான்கு தசம இடம் வரை வைத்திருந்து, கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

மாலத்தீவில் வார விடுமுறை வெள்ளி, சனி. இங்கே சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமைத் தேதிக்கு அங்கே புது ரேட் இருக்காது, ஞாயிறுக்கு இங்கே இருக்காது. இரண்டு பக்கமும் அதற்கு முந்தைய வேலைநாளின் ரேட்டை எடுப்பது என்று ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் ஆடுவது ரூபாய்ப் பக்கம்தான். தேதி பிசகினால் அடி விழுவதும் அங்கேதான்.

ஆண்டுச் சராசரியை 2001க்கும் 2011க்கும் தொடவே தொடாதீர்கள். 2001இன் சராசரி 12.2 அளவில் வரும். அந்த வருடம் முழுக்க அதிகாரபூர்வமாக எந்த நாளிலும் டாலர் அந்த விலைக்கு விற்கவில்லை. பாதி வருடம் 11.77, மீதி 12.80. மாறிய மாதத்துச் சீட்டு என்றால் அந்நாட்டு மத்திய வங்கியான மாலத்தீவு நாணய ஆணையத்தின் பதிவில் தேதியைச் சரிபார்ப்பதுதான் வழி. ஆணையம் 1981 ஜூலையில் தொடங்கியது என்பதால் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு இந்த வழி உதவாது.

சதவீதம் சொல்லும்போதும் ஒரு சறுக்கல் உண்டு. 12.80 என்பது 15.42 ஆனபோது டாலரின் விலை 20.5 சதவீதம் ஏறியது. ரூஃபியாவின் மதிப்போ 17 சதவீதம்தான் இறங்கியது. இரண்டும் சரி, எதைச் சொல்கிறோம் என்று எழுதிவிட வேண்டும்.

இணைய மாற்றிகளில் ஒருநாள் 15.38, மறுநாள் 15.45 என்று காட்டினால் ரேட் மாறிவிட்டதாக நினைக்காதீர்கள். வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் கலந்து எடுப்பதால் வரும் சலசலப்பு அது.

இதெல்லாம் அதிகாரபூர்வக் கணக்கு. வங்கியில் டாலர் அளந்துதான் கிடைக்கும் என்பதால், மாலேயில் வெளிச்சந்தை விலை 15.42ஐத் தாண்டியே ஓடும். ஊருக்குப் பணம் அனுப்பியவரின் கையில் உண்மையில் எவ்வளவு நின்றது என்பதுதான் கேள்வி என்றால், அன்றைய ரசீதில் எழுதியிருக்கும் ரேட்டை எடுங்கள். ரசீது இல்லையென்றால் அதிகாரபூர்வ ரேட்டில் கணக்கிட்டு, பக்கத்தில் ‘அதிகாரபூர்வ விகிதம், இன்ன தேதி’ என்று குறித்துவையுங்கள்.