இரண்டு வாய்க்காலும் சேர்ந்து திறப்பது என்றைக்கு? மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) போடும் முறை

போன குறுவையில் முறைப்பாசனம் வந்தபோதுதான் இந்தக் கணக்கு எனக்குத் தேவைப்பட்டது. எங்கள் வாய்க்காலில் 6 நாள் தண்ணீர், 6 நாள் அடைப்பு. பக்கத்து வாய்க்காலில் 4 நாள் தண்ணீர், 4 நாள் அடைப்பு. இரண்டும் ஒரே ஆற்றில் பிரிபவை. இரண்டையும் சேர்த்துத் திறக்கிற அன்று, கடைமடையில் இருக்கும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் எட்ட ராத்திரி ஆகிவிடும். ஜூன் 20-இல் சேர்ந்து திறந்தார்கள். அடுத்து எப்போது?

படி 1: சுற்று எத்தனை நாள்?

நான் சறுக்கிய இடம் இது. 6, 4 என்று எடுத்து, மீ.சி.ம. (இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சின்ன எண்) 12 என்று போட்டு, பெரியப்பாவிடம் ஜூலை 2 என்று சொல்லிவிட்டேன். விடியற்காலையில் மண்வெட்டியோடு மதகடிக்குப் போனால், எங்கள் வாய்க்காலில் ஷட்டரை ஏற்றுகிறார்கள். பக்கத்து வாய்க்காலில் இறக்குகிறார்கள்!

திறந்த நாளிலிருந்து மறுபடி திறக்கும் நாள்வரைதான் ஒரு சுற்று. அடைப்பு நாளையும் கூட்டுங்கள். எங்களுடையது 6+6=12. அவர்களுடையது 4+4=8.

படி 2: மீ.சி.ம.

பகா எண்களால் வகுத்துக்கொண்டே போகும் முறை பெரிய எண்களுக்கு நல்லது. சின்ன எண்களுக்கு, பெரிய எண்ணின் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாருங்கள். 12, எட்டால் வகுபடாது. 24 வகுபடும். அங்கேயே நிறுத்திவிடலாம். 12×8=96 என்று பெருக்கினால் அதுவும் சேரும் நாள்தான், ஆனால் நடுவில் 24, 48, 72 மூன்றும் கைவிட்டுப் போகும்.

படி 3: தேதி

திறந்த நாளை 0 என்று வையுங்கள். ஜூன் 20-லிருந்து 24 நாள், ஜூலை 14. அந்த நாளையே 1 என்று எண்ணினால் 13-இல் போய் நிற்பீர்கள். இதற்குச் செல்போனைவிடச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரும் பென்சிலும்தான் எனக்குப் பிடிக்கும். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

இதே கணக்கு நம் கோயில்களிலும் உண்டு. ஆலங்குடி குருவுக்கு ராசிகளைச் சுற்றிவர ஏறக்குறைய 12 வருடம், திருநள்ளாற்றுச் சனிக்கு ஏறக்குறைய 30. மீ.சி.ம. 60. தமிழ் வருடப் பெயர்களும் 60. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்பவருக்கு, பிறந்த வருடத்தின் பெயரே திரும்பி வந்திருக்கும்.

பிற்சேர்க்கை: இரண்டும் ஒரே நாளில் தொடங்காவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அப்போது மீ.சி.ம. மட்டும் போதாது, இரண்டு வரிசையையும் எழுதிப் பார்க்க வேண்டும். பக்கத்து வாய்க்கால் 4 நாள் தள்ளித் திறந்தால் 4, 12, 20. எங்களுடையது 0, 12, 24. 12-ஆம் நாளில் சேரும், பிறகு 24 நாளுக்கு ஒருமுறை. 3 நாள் தள்ளினால் 3, 11, 19, 27 என்று எல்லாம் ஒற்றைப்படை. எங்களுடையவை எல்லாம் இரட்டைப்படை. எத்தனை சுற்று போனாலும் இரண்டும் ஒரே நாளில் திறக்காது.