காகிதத்தில் ஒரு குடிப்படைக் கம்பெனி அமைப்பது எப்படி?

அமெரிக்கக் குடிப்படை (மிலிஷியா, அதாவது தேவைப்படும்போது திரளும் சாதாரணக் குடிமக்களின் படை) என்றதும் மாணவர்கள் நேராகத் துப்பாக்கிக்குப் போய்விடுகிறார்கள். அதனால் இந்தப் பாடத்தை நான் ஒரு விளையாட்டாக நடத்துகிறேன். வேண்டியது ஒரு நோட்டு, ஒரு பேனா, அப்புறம் பென்சில்வேனியாவில் கற்பனையாக ஒரு வட்டாரம். ஆண்டு 1792. நீங்கள்தான் அந்த வட்டாரத்தின் கேப்டன், அதாவது அங்குள்ள 'கம்பெனி' என்ற படைப்பிரிவின் தலைவர். அந்த ஆண்டு மே 8-ஆம் தேதி வந்த கூட்டாட்சிக் குடிப்படைச் சட்டம்தான் விதிப்புத்தகம்.

முதல் வேலை பெயர்ப் பட்டியல். உடல் திடமுள்ள, 18 வயது நிரம்பி 45-ஐத் தொடாத, சுதந்திரமான வெள்ளையர் ஆண் குடிமக்கள் எல்லோரையும் எழுதுங்கள். யாரும் தானாக வந்து சேர வேண்டியதில்லை. உங்கள் எல்லைக்குள் குடியிருந்தாலே போதும், பெயர் ஏறிவிடும். பெண்கள், அடிமைகள், சுதந்திரமான கறுப்பர்கள் ஆகியோருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. இதைச் சொல்லாமல் தாண்டாதீர்கள். 'ஊரே திரண்டது' என்று எழுதும்போது அந்த 'ஊர்' யார் என்பது இங்கேதான் தெரியும். தெற்கு மாநிலங்களில் அடிமைகளைக் கண்காணிக்கும் இரவு ரோந்துக்கும் குடிப்படைக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது.

அடுத்து, அடிக்க வேண்டிய பெயர்களை அடியுங்கள். துணை ஜனாதிபதி, காங்கிரஸ் உறுப்பினர்கள், நீதிபதிகள், சுங்க அதிகாரிகள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. உங்கள் ஊரில் அவர்கள் இருக்கமாட்டார்கள், விடுங்கள். தபால் வண்டி ஓட்டுபவரும், தபால் பாதையில் படகுத்துறை நடத்துபவரும் இருப்பார்கள். அவர்களுக்கும் விலக்குதான். கடிதம் நின்றுவிடக் கூடாதே! இதுபோக மாநிலமும் தன் பங்குக்கு விலக்கு தரலாம். பென்சில்வேனியாவில் போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் நிறையப் பேர். ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடம் தராதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர் சேவைக்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்று அந்த மாநிலத்தின் 1790 அரசியல் சட்டமே சொல்கிறது. அதற்குத் தனி பத்தி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. ஒரு கம்பெனிக்கு 64 சாதாரண வீரர்கள். அவர்களுக்கு மேல் ஒரு கேப்டன், ஒரு லெப்டினன்ட், ஒரு என்சைன் (கொடி ஏந்தும் இளநிலை அதிகாரி), நான்கு சார்ஜன்ட், நான்கு கார்ப்பரல், ஒரு முரசுக்காரர், ஒரு குழல்காரர். மொத்தம் 77. ஐந்து கம்பெனி ஒரு பட்டாலியன், இரண்டு பட்டாலியன் ஒரு ரெஜிமென்ட், நான்கு ரெஜிமென்ட் ஒரு பிரிகேட். பிரிகேட்டுக்கு 2,560 வீரர்கள் ஆகிறது. இந்த அளவெல்லாம் 'வசதிப்பட்டால்' என்று சட்டத்திலேயே ஒரு வார்த்தை இருக்கிறது. ஆகவே உங்கள் கம்பெனியில் 58 பேர்தான் தேறினால் பதற வேண்டாம். அதிகாரிகளை நியமிப்பதும் பயிற்சி கொடுப்பதும் மாநிலத்தின் கையில். பல இடங்களில் கேப்டனை வீரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். நேற்று உங்களுக்கு ஓட்டுப் போட்டவரை இன்று வெயிலில் நிற்க வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஆயுதத்துக்கு இப்போதுதான் வருகிறோம். சார்ஜன்ட்டை அனுப்பி ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லுங்கள். அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவரவரே வாங்கி வைத்திருக்க வேண்டியவை: நல்ல மஸ்கெட் (நீண்ட குழல் துப்பாக்கி) ஒன்று, பயோனெட் (அதன் முனையில் செருகும் கத்தி), இடுப்பு வார், உபரியாக இரண்டு சிக்கிமுக்கிக் கல், முதுகுப் பை, 24 தோட்டாக்கள் அடங்கும் பெட்டி. மஸ்கெட் இல்லாமல் ரைஃபிள் (குழலுக்குள் சுருள் வரி வெட்டிய துப்பாக்கி) வைத்திருப்பவருக்கு மருந்து வைக்கும் கொம்புக்குடுவையும், 20 குண்டுகளும், கால் பவுண்டு வெடிமருந்தும்.

தோட்டா என்றால் உலோக உறை போட்டது என்று நினைக்காதீர்கள். அது காகிதச் சுருள். உள்ளே மருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். வீரர் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழிப்பார். கொஞ்சம் மருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணத்தில் தூவி மூடுவார். மீதியைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் போட்டுக் கம்பியால் இடிப்பார். தேர்ந்த கை நிமிடத்துக்கு மூன்று முறை சுடும். அந்த வேகத்தில் சுட்டால் பெட்டி எட்டே நிமிடத்தில் காலி. கல் மழுங்கினால் பொறி வராது, அதனால்தான் உபரிக் கல். யார் துப்பாக்கிக்கு யார் குண்டு பொருந்தும் என்பது இன்னொரு தலைவலி. ஐந்து வருடத்துக்குள் எல்லா மஸ்கெட்டின் குழலும் பவுண்டுக்கு 18 குண்டு (ஒரு குண்டின் எடை பவுண்டில் 18-இல் ஒரு பங்கு) என்ற அளவுக்கு வந்துவிட வேண்டும் என்று சட்டம் எழுதிவைத்தது.

வாங்காதவரை என்ன செய்வது? இந்தக் கேள்வியை விளையாட்டில் கண்டிப்பாகக் கேளுங்கள். கூட்டாட்சிச் சட்டம் வாங்கச் சொன்னதே தவிர, வாங்காவிட்டால் இவ்வளவு அபராதம் என்று சொல்லவில்லை. அதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. என்னைக் கேட்டால் மொத்தச் சட்டத்திலும் பெரிய ஓட்டை இதுதான். ஒரு நல்ல காரியமும் செய்தது: கடனுக்கோ வரிக்கோ இந்த ஆயுதங்களை ஜப்தி செய்யக் கூடாது.

பயிற்சி நாளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வரிசையில் நிறுத்துங்கள், பெயர் கூப்பிடுங்கள், துப்பாக்கிகளைப் பாருங்கள். அணிவகுப்புக்கு, சுதந்திரப் போரில் அமெரிக்கப் படைக்குப் பயிற்சி கொடுத்த பிரஷ்ய அதிகாரி ஸ்டூபன் தயாரித்து, 1779-இல் காங்கிரஸ் ஏற்ற விதிகளையே பின்பற்றுங்கள்.

கடைசியாக அழைப்பு. 1792 மே 2-ஆம் தேதி வந்த இன்னொரு சட்டம் இதற்கானது. உள்நாட்டில் கலகம் என்றால், சாதாரண வழியில் சட்டத்தை நிறைவேற்ற முடியவில்லை என்று முதலில் ஒரு நீதிபதி ஜனாதிபதிக்கு எழுத வேண்டும். பிறகு கலைந்து போகச் சொல்லி ஜனாதிபதி அறிவிப்பு விட வேண்டும். 1794-இல் மேற்குப் பென்சில்வேனியாவில் விஸ்கி வரியை எதிர்த்து மக்கள் கிளம்பியபோது இதுதான் நடந்தது. நீதிபதி ஜேம்ஸ் வில்சன் எழுதினார், ஜனாதிபதி வாஷிங்டன் அறிவிப்பு விட்டார். பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய நான்கு மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய 13,000 பேர் திரண்டார்கள். பெரிய சண்டை எதுவும் இல்லாமலேயே கலகம் அடங்கியது.

இந்த அழைப்புக்கு வராதவருக்கு அபராதம் உண்டு: குறைந்தது ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் ஒரு வருடச் சம்பளம். வந்தவரை ஒரு வருடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே உங்கள் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கிளம்பிய தேதியைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் முடிந்த அன்று அவர்களை ஊருக்கு அனுப்பியாக வேண்டும்.