உயில் எழுதலாம் வாருங்கள்: நான் சறுக்கியது சாட்சிக் கையெழுத்தில்

உயில் என்று வாயெடுத்தாலே எங்கள் வீட்டில் "வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என்ன பேச்சு இது" என்பார்கள். சித்தப்பா இறந்த பிறகு யாரும் அப்படிச் சொல்வதில்லை. பாளையங்கோட்டையில் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் கிடையாது. வீடு சித்திக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சித்தி, மகன், மகள், அப்போது உயிரோடிருந்த ஆச்சி (சித்தப்பாவின் அம்மா) என நால்வருக்கும் சமபங்கு. அடுத்த ஆண்டு ஆச்சியும் போய்ச் சேர, அவருடைய கால் பங்கு அவர் பிள்ளைகள் வழியில் எல்லோருக்கும் சிதறியது. இன்று சித்தி வீட்டை விற்க நினைத்தால் மும்பையிலிருக்கும் அத்தையும் கையெழுத்துப் போட வேண்டும். அத்தை நல்லவர். அத்தையின் மாப்பிள்ளையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

முதல் வேலை, சொத்து விவரம். பத்திரம், பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தை மட்டும் பார்த்து அப்படியே எழுதிவிடாதீர்கள். கடையத்தில் எனக்குள்ள நிலத்தின் 1991 பத்திரத்தில் "நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம்" என்றிருக்கிறது. 2019 முதல் அந்த ஊர் தென்காசி மாவட்டம். புல எண்ணும் உட்பிரிவாகியிருந்தது. பத்திர எண்ணோடு இன்றைய பட்டா எண், புல எண், நான்கு எல்லைகளையும் சேர்த்து எழுதுங்கள். பூர்வீகச் சொத்தென்றால் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும்.

வங்கியில் நாமினி போட்டாயிற்றே என்பவர்களுக்கு: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுக்கு, அல்லது உயிலில் கண்டவருக்கு.

இரண்டாவது, எழுதுவது. முத்திரைத்தாள் வேண்டாம். தடித்த லெட்ஜர் தாளும் நீலப் பால்பாயிண்ட் பேனாவும் என் தேர்வு. ஜெல் பேனா கூடவே கூடாது. ஐப்பசி மழையில் பரண் ஒருமுறை ஒழுகினால் ஓர் எழுத்தும் மிஞ்சாது. "ஷை சொத்தை ஷையார்" என்று பத்திர நடையில் அடுக்க வேண்டியதில்லை. இன்ன வீடு இன்னாருக்கு என்று எழுதுங்கள். விட்டுப்போனவையும் இனி வாங்குபவையும் யாருக்கு என்று ஒரு வரி கட்டாயம். தேதியும் முக்கியம், கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும்.

மூன்றாவது, சாட்சி. நான் விழுந்த பள்ளம் இது. கையெழுத்துப் போட்டு, தாளை மகனிடம் கொடுத்து, "எதிர்வீட்டு அண்ணாச்சியிடமும் கடைக்கார அண்ணாச்சியிடமும் வாங்கி வா" என்று அனுப்பினேன். அரைமணி நேரத்தில் இரண்டு கையெழுத்தும் வந்தன. வழக்கறிஞர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அவர்கள் கையெழுத்துப் போடும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு சொல்வது இது: குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும், நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துத்தான் என்று நீங்களே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அவர்களும் உங்கள் கண்முன் கையெழுத்திட வேண்டும். மறுபடி முழுவதையும் எழுதினேன். இம்முறை மூவரும் ஒரே மேசையில். சாட்சிகளையும் மாற்றினேன். நாளை வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றம் ஏற வேண்டும். எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு வயது 78.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்பேன். கள்ளக் கையெழுத்து என்று நாளை ஒருவர் கிளம்பினால் கைகொடுக்கும்.

பிறகு சேர்த்தது: பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ நண்பர் கேட்டதால். கிறிஸ்தவர்களுக்குத் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். சாட்சிக்கோ அவருடைய கணவன், மனைவிக்கோ எழுதிய சொத்தும் செல்லாது. இந்துக்களுக்கு இவை பொருந்தா. இருந்தாலும் பங்கு பெறுபவரைச் சாட்சியாக்கி வம்பை விலைக்கு வாங்காதீர்கள். மேலப்பாளையத்து நண்பருக்கு: வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இஸ்லாமியச் சட்டத்தில் இடமில்லை.

மூலத்தை ரேஷன் கார்டு இருக்கும் தகரப்பெட்டியில் வைத்து, மனைவியிடம் காட்டிவிட்டேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாக" என்றாள். அன்று செவ்வாய்க்கிழமை.