நினைவு நாணயங்களின் விலையேற்றமும் செட்டிநாட்டு வீடுகளில் நேரும் தவறுகளும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். முன்பு அங்கே யாராவது காசு என்று பேச்செடுத்தால், பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வீடு வந்து சேர்ந்த வெள்ளிக் காசுகளைப் பற்றியதாகத்தான் அது இருக்கும். இப்போதோ, 1964-இல் நேருவின் நினைவாகத் தொடங்கி இந்திய அரசு வெளியிட்டுவரும் நினைவு நாணயங்களை, குறிப்பாக நாணயச்சாலைகள் பெட்டியிலிட்டு விற்கும் 100 ரூபாய், 1000 ரூபாய் வெள்ளி நாணயங்களை, விற்க வருவோரும் வாங்க வருவோரும் கேட்டபடி இருக்கிறார்கள். விலை ஏறியிருப்பது உண்மை. அந்த ஏற்றம் எதனால் வந்தது என்று விசாரிக்காமல் கையை நீட்டுவதே நான் கண்ட தவறுகள் பலவற்றுக்கும் வேராக இருக்கிறது.

முதலில் வெள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 100 ரூபாய் நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை 44 மில்லிமீட்டர் விட்டமும் 35 கிராம் எடையும் கொண்டவை. அவற்றின் கலவையில் வெள்ளி 50 விழுக்காடு, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. ஆகவே ஒரு நாணயத்தில் இருக்கும் வெள்ளி பதினேழரைக் கிராம்தான். வெள்ளி கிராம் 100 ரூபாய்க்கு விற்கும் நாளில் அதன் உலோக மதிப்பு 1,750 ரூபாய். 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி ஏறியபோது, இந்த நாணயங்களின் விலை உயர்வில் ஒரு பகுதி உலோகத்தின் உயர்வே தவிர, சேகரிப்பாளர்களின் விருப்பத்தால் வந்தது அன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காதவர், வெள்ளி இறங்கும்போது தம் நாணயத்தின் விலை ஏன் இறங்குகிறது என்று திகைத்துப்போகிறார். 35 கிராமையும் வெள்ளியாகவே கணக்கிட்டு வாங்குபவரும் உண்டு. கலவை வெளியீட்டுக்கு வெளியீடு மாறும் என்பதால், அந்தந்த நாணயத்துக்குரிய அரசிதழ் அறிவிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் நாணயம் 15 கிராம் எடை மட்டுமே கொண்டது; ஆனால் அதில் வெள்ளி 80 விழுக்காடு, அதாவது 12 கிராம். தோற்றத்தில் அதைவிடப் பெரிதான, 1972-இல் விடுதலை வெள்ளி விழாவுக்கு வந்த பத்து ரூபாய் நாணயத்தின் எடை 22.5 கிராம், வெள்ளி பாதிதான், 11.25 கிராம். பெரிய காசு என்பதற்காக அதற்கு அதிக விலை கொடுத்தவர்களை நான் அறிவேன்.

இதற்கு நேர்மாறான தவறு, சாதாரணப் புழக்கத்துக்கு விடப்பட்ட நினைவு நாணயங்களுக்கு லட்சங்களில் விலை வைப்பது. 2012-ஆம் ஆண்டைத் தாங்கிய வைஷ்ணோ தேவி உருவ நாணயத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு கடையேறி வந்த ஓர் ஆச்சியின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அது பல லட்சம் பெறும் என்று கைபேசிக்கு வந்த செய்தியை நம்பி, ‘பதிவுக் கட்டணம்’ என்று முகம் தெரியாத ஒருவருக்கு ஏற்கெனவே பணமும் அனுப்பிவிட்டிருந்தார். பழைய நாணயங்களை வாங்கவோ விற்கவோ தன் பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி என்று யாரும் பணம் கேட்டால் நம்ப வேண்டாம், அப்படி வசூலிக்க எவருக்கும் அதிகாரம் தரவில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்திருக்கிறது. காமராசர் நூற்றாண்டு ஐந்து ரூபாய், தன் தமிழ்க் கையொப்பத்தோடு வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய் போன்றவை நம் மனத்துக்கு நெருக்கமானவை, பத்திரப்படுத்தத் தக்கவை. ஆனால் கைமாறித் தேய்ந்த நிலையில் அவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காது. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை நாணயத்தின் விலையாக எண்ணக் கூடாது. ஏலங்களில் எந்தத் தொகைக்கு முடிந்தது என்பதையே பார்க்க வேண்டும்.

அடுத்தது, நம் வட்டாரத்துக்கே உரிய தவறு என்று நான் வருந்திச் சொல்வது. செட்டிநாட்டில் கல்யாணம் என்றால் பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் இறக்கி, புளி தேய்த்து, பொன்போல மின்ன வைத்து வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், அடுக்குவது மரபு. அதே கை நாணயத்தின் மேலும் போய்விடுகிறது. புளியிலுள்ள அமிலம் நாணயத்தின் மேற்பரப்பை அரிக்கும். சபீனாத் தூளும் விபூதியும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை இடும். ‘ப்ரூஃப்’ நாணயம் என்பது மெருகேற்றிய அச்சில் ஒருமுறைக்கு மேல் அழுத்தி அடிக்கப்படுவது. அதன் களம், அதாவது உருவத்தைச் சுற்றியுள்ள வெறும் பரப்பு, கண்ணாடிபோலவும் உருவம் பனி படர்ந்ததுபோலவும் இருக்கும். ஒருமுறை துணியால் துடைத்தாலும் அந்தக் கண்ணாடியில் மயிர்க்கோடுகள் விழுந்துவிடும், அவற்றை நீக்க வழியே இல்லை. கானாடுகாத்தான் வீடொன்றில், பெட்டியும் சான்றட்டையும் கெடாத ஒரு 100 ரூபாய் ப்ரூஃப் நாணயத்தை, நான் பார்க்க வருகிறேன் என்பதற்காகவே முந்தின நாள் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். சேகரிப்பாளர் தரவிருந்த விலை போய், உருக்கப் போகும் வெள்ளிக்கான விலைதான் எஞ்சியது. வெள்ளியில் காலப்போக்கில் படியும் நிறமாற்றம் அழுக்கு அன்று. இயல்பாகப் படிந்த நிறத்துக்குக் கூடுதல் விலை தருபவர்கள்கூட உண்டு. நாணயத்தை எடுக்க வேண்டியிருந்தால் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். விரல் ரேகை பட்ட இடத்தில் சில மாதங்களில் கறை எழும்.

பாதுகாப்பும் இதனோடு சேர்ந்ததே. மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சை நிறப் பிசுக்கை விடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது விரைவாகும். ரப்பர் வளையத்திலும் செய்தித்தாளிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பாலியெஸ்டர் வகையான மைலார் உறையோ, நாணயத்தை மூடிவைக்கும் கடினமான கேப்ஸ்யூலோ வாங்கி, பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் அதை மாற்றினால் போதும்.

புதிய வெளியீட்டின்போது அவசரப்படுவதும் பணத்தைக் கரைக்கும். நாணயச்சாலைகளை நடத்தும் அரசு நிறுவனம் முன்பதிவு வாங்கியே நாணயங்களை அனுப்புகிறது. அவை கைக்கு வந்து சேரும்வரை உள்ள இடைவெளியில், கையில் சரக்கு இருப்பவர் சொல்வதே விலை. தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாண்டுக்கு 2010-ஆம் ஆண்டிட்டு வந்த, இந்தியாவின் முதல் 1000 ரூபாய் நாணயத்தின் மீது நமக்கிருக்கும் பற்று நியாயமானது. அந்தப் பற்றையே விலையாக்கி விற்பவரிடம் மட்டும் நிதானம் வேண்டும். பழைய வெளியீடுகள் பின்னாளில் மீண்டும் அடிக்கப்படுவதும் உண்டு என்பதால், ‘ரீஸ்ட்ரைக்’ நாணயத்தை முதல் வெளியீட்டின் விலைக்கு வாங்கிவிடாதபடி பார்க்க வேண்டும்.

ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள நாணயச்சாலைக் குறியைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. மும்பைக்கு வைரம் (அங்கு அடித்த ப்ரூஃப் நாணயங்களில் எழுத்துக் குறி), ஹைதராபாத்துக்கு விண்மீன், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது. ஒரே உருவ நாணயம் ஒரு நாணயச்சாலையில் மிகுதியாகவும் மற்றொன்றில் குறைவாகவும் அடிக்கப்பட்டிருக்கலாம். வெள்ளி நாணயம் என்றால் நகைக்கடைத் தராசில் எடையைச் சரிபார்க்காமலும், காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்காமலும் வாங்க வேண்டாம்.

பங்கு பிரிக்கும் நாளில் நேர்வது வேறொன்று. பங்காளிகள் மூவர் என்றால், 100 ரூபாய், 5 ரூபாய் என்று ஒரே பெட்டியில் வந்த செட்டையும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று, அட்டை ஒருவருக்கு, பெரிய காசு ஒருவருக்கு, சிறிய காசு ஒருவருக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டியும் அட்டையும் முழு நாணயங்களும் ஒன்றாக இருக்கும்போதுதான் அந்தச் செட்டுக்குச் சேகரிப்பாளரின் விலை. கலைத்த பின் மூவரின் பங்கைக் கூட்டினாலும் அந்தத் தொகை வராது. பங்குக்கு உட்காருமுன்பே இருப்பவற்றை அன்றைய ஏல விலைப்படி எழுதிக்கொண்டு, ஒவ்வொரு செட்டையும் முழுதாக ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகத் தந்துவிடுவதே சரியான முறை.