மூணு தொட்டி, ஒரே தண்ணி: சுவருக்குள் கடல் மீன் வைக்கும் முன்

கேரள எல்லையில இருக்கிற களியக்காவிளையில் பைப் வேலை செய்றவன் நான். பாதி வேலை இந்தப் பக்கம், பாதி வேலை கேரளாவில பாறசாலைப் பக்கம். இருபது வருஷமா அடுத்தவங்க வீட்டுக் குளியலறையை ஒழுகாம பார்த்துக்கிட்டவன், என் சொந்த ஹாலை ஒரு ராத்திரி உப்புத் தண்ணியில மிதக்க விட்டேன். "எழும்புங்க, ஹால்ல ஆறு ஓடுது"ன்னு வீட்டுக்காரி சொன்னப்போ மணி மூணு. கரண்டு போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகலை.

ஆகவே, என்ன மீன், என்ன லைட்டுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிங்க. பம்பு நின்னா மேலே இருக்கிற தண்ணி எங்கே போகும்?

எங்க வீட்டு அமைப்பைச் சொல்றேன். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவுல இருக்கிற சுவரில் வரிசையா மூணு கண்ணாடித் தொட்டி. ஒவ்வொண்ணும் 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம். கீழே அலமாரிக்குள்ள 90 நீளம், 45 அகலம், 45 உயரத்தில் ஒரு சம்ப். வீட்டுக்கு அடியில தோண்டுற சம்ப் இல்லை, இதுவும் கண்ணாடித் தொட்டிதான். சம்பிலிருந்து பம்பு தண்ணியை மேலே தள்ளும். மேலே நிறைஞ்சது தானா வழிஞ்சு சம்புக்கு இறங்கும். ஸ்கிம்மர் (நுரை கிளப்பி அழுக்கைப் பிரிக்கிற கருவி), தெர்மாமீட்டர் எல்லாம் சம்பில் ஒளிஞ்சிருக்கும். சின்னத் தொட்டியில உப்பும் சூடும் சட்டுன்னு மாறும். மூணையும் சேர்த்தா தண்ணி அதிகம், மாற்றம் மெதுவா வரும். சேர்த்து வைக்கிறதுல பெரிய லாபம் அதுதான்.

இப்போ கணக்கு. ஒரு தொட்டியின் மேல்பரப்பு 60 பெருக்கல் 40, அதாவது 2400 சதுர செ.மீ. ஒரு செ.மீ. தண்ணி இறங்கினா 2.4 லிட்டர். மூணு தொட்டிக்கும் சேர்த்து 7.2 லிட்டர். பம்பு நின்னதும் தண்ணி மேலே ஏறின குழாய் வழியாவே திரும்பி இறங்க ஆரம்பிக்கும். குழாயின் வாய் காற்றை உறிஞ்சுற வரைக்கும் நிற்காது. நான் அழகுக்காக வாயை நீர்மட்டத்துக்கு 12 செ.மீ. கீழே வச்சிருந்தேன். 7.2 பெருக்கல் 12, 86 லிட்டர். சம்பில் 30 செ.மீ. வரைக்கும் தண்ணி. மிச்சம் 15 செ.மீ.யில் 60 லிட்டர்தான் கொள்ளும். மீதி 26 லிட்டராவது ஹாலுக்கு.

"என்.ஆர்.வி. (தண்ணியை ஒரே பக்கம் மட்டும் விடுற வால்வு) போடலையா?"ன்னு தொழில்காரங்க கேட்பாங்க. போட்டிருந்தேன், அதை நம்பினதுதான் வினை. கிணத்துத் தண்ணியில வருஷக்கணக்கா உழைக்கிற என்.ஆர்.வி., கடல் தண்ணியில சுண்ணாம்பு படிஞ்சோ சின்ன நத்தை மாட்டியோ பாதி திறந்தபடியே நின்னுடும். போட்டா போடுங்க, ஆனா கணக்கில் அது இல்லவே இல்லைன்னு வச்சுக்கோங்க. குழாயில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டா காற்று புகுந்து உறிஞ்சல் அறும்னு சொல்வாங்க. சரிதான், பாசி அடைக்காத வரைக்கும். நான் இப்போ குழாய் வாயை 3 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்திட்டேன். திரும்புறது 22 லிட்டர், குழாயிலும், தண்ணி வழிஞ்சு இறங்குற மூலைத் தடுப்புக்குள்ளயும் இருக்கிறது ஒரு 10 லிட்டர். சம்பில் 25 செ.மீ.க்கு மேல் தண்ணி விடுறதில்லை. 80 லிட்டருக்கு இடம் காலியா இருக்கு.

குழாய் இழுக்கிற விதத்துக்கு வருவோம். முதல் தொட்டி நிறைஞ்சு இரண்டாவதுக்கு, அது நிறைஞ்சு மூணாவதுக்குன்னு தொடரா விடாதீங்க. நடுவுல ஒரு இடம் அடைச்சா எல்லாம் நிற்கும், முதல் தொட்டி அழுக்கை மூணாவது குடிக்கும். பம்பிலிருந்து ஒரு 25 மி.மீ. லைன் எடுத்து, அதுல தொட்டிக்கு ஒண்ணா மூணு கிளை பிரிங்க. ஒவ்வொரு கிளையிலும் பால் வால்வும், கழற்றி மாட்டுற யூனியனும் வேணும். பம்புக்குப் பக்கத்துத் தொட்டி எப்பவும் அதிகம் எடுத்துக்கும், அதன் வால்வைக் கொஞ்சம் மூடினா மற்றதுக்கு ஓடும். நாலாவதா ஒரு கிளையைச் சம்புக்கே திருப்பி விடுங்க. வேகம் குறைக்கவும், தண்ணி மாற்றும்போது வெளியே எடுக்கவும் உதவும்.

இறங்குற லைன்தான் உயிர். ஒவ்வொரு தொட்டியிலும் மூலையில சீப்புப் பல் மாதிரி வெட்டின தடுப்பு, அதுக்குள்ள இரண்டு 32 மி.மீ. குழாய். ஒண்ணு வழக்கமா ஓடும். இன்னொண்ணு அதைவிட 2 செ.மீ. உயரத்தில் சும்மா நிற்கும், முதலாவது அடைச்சா அது வாங்கிக்கும். இந்த அவசரக் குழாயில் வால்வே கூடாது, சம்ப் வரைக்கும் தனி வழியா இறங்கணும். வழக்கமான மூணையும் ஒரு 63 மி.மீ. குழாயில் சேர்த்துச் சரிவு கொடுங்க, மேல்முனையைக் கழிவறை வென்ட் பைப் மாதிரி திறந்தே விடுங்க. காற்று போக வழி இல்லாட்டி ராத்திரி முழுக்கக் குடகுடன்னு சத்தம் கேட்டு, மீனை விட்டுட்டு நீங்க வீட்டை விட்டு ஓடுவீங்க.

தொழில்காரனா ஒரு ரகசியம். நாம வழக்கமா வாங்குற திரெட் எல்போ, எஃப்.டி.ஏ. (உள்மரை இருக்கிற இணைப்பு) பலதுலயும் உள்ளே பித்தளை இருக்கும். பித்தளையில் தாமிரம் இருக்கு. உப்புத் தண்ணியில அது கரைஞ்சா இறால், நத்தை, பூ மாதிரி விரியுற அனிமோன் எதுவும் பிழைக்காது. முழு பிளாஸ்டிக் ஃபிட்டிங்தான் போடணும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு), இரும்பு கிளாம்ப் பேச்சே வேண்டாம். ஓட்டை போடணும்னா கண்ணாடிக்காரரிடம் முதல்லயே சொல்லுங்க. டஃப்பன்டு கண்ணாடியை (சூடேற்றி உறுதியாக்கினதை) அப்புறம் துளைக்க முடியாது, சிதறிடும்.

எடையைக் குறைச்சு எடை போடாதீங்க. தண்ணி, கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து ஒரு தொட்டி 120 கிலோவுக்கு மேல் வரும். சம்பையும் சேர்த்தா மொத்தம் கிட்டத்தட்ட அரை டன். ஆசாரி பலகையில நிறுத்தித் தரேன்னு சொன்னார். நான் கொத்தனாரை வச்சு காங்கிரீட் ஸ்லாப் போட்டேன், தொட்டிக்கு அடியில தெர்மோகோல். மேலே கை நுழைய 30 செ.மீ. இடம் விட்டேன், அதுவும் பத்தலை, 40 விடுங்க. சுவருக்குள்ள மாட்டின எல்லாத்திலும் உப்பு பூக்கும். பிளைவுட் ஊதிடும், ஆணி துருப்பிடிக்கும். முன்சட்டம் கழற்றுற மாதிரி பி.வி.சி. ஷீட்டில் இருக்கட்டும், பின்னாடி வராந்தாவுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். கரண்டு லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா தானா அணைக்கிற சுவிட்ச்) கட்டாயம். வயர் பிளக்கை விடக் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறணும், அப்போதான் வழியுற சொட்டு பிளக்குக்குப் போகாது.

தண்ணிக்குக் கடலையே நம்பலாமேன்னு எல்லாரும் கேட்பாங்க, பக்கத்துலதானே இருக்கு. ஆனா பூவார்ல நெய்யாறு, தேங்காப்பட்டணத்துல குழித்துறைத் தாமிரபரணி கடலில் விழுது. நமக்கு இரண்டு மழைக்காலம். மழை நேரத்துல முகத்துவாரம் பக்கம் எடுத்தா உப்பு குறைவு, கலங்கலும் வரும். நான் ஆர்.ஓ. தண்ணியில மீன்தொட்டிக்கான கடல் உப்பைக் கலக்குறேன். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம், அடர்த்தி 1.025. சமையல் உப்பு ஆகாது, அதுல கால்சியமும் மெக்னீசியமும் இல்லை. ஆவியாகுறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். அதனால தினமும் ஊற்ற வேண்டியது உப்பு கலக்காத நல்ல தண்ணி. ஏப்ரல், மே மாசம் ஃபேன் ஓடும்போது சம்ப் மட்டம் கண்ணுக்குத் தெரிஞ்சே குறையும்.

ஒரே தண்ணின்னா ஒரே நோயும்தான். ஒரு தொட்டியில வெள்ளைப்புள்ளி வந்தா மூணுக்கும் போகும். அதுக்கான தாமிர மருந்தை இந்த அமைப்புல ஊற்ற முடியாது, இறால் சாகும். புது மீனுக்குத் தனியா ஒரு சாதாரணத் தொட்டி வேணும். குழாய் சேராம, வலைகூடப் பகிராம, ஒரு மாசமாவது. விழிஞ்ஞத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட மையம் கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்ய வச்சுக் காட்டியிருக்கு, அதனால குஞ்சு பொரிச்சு வளர்த்த மீனாக் கேட்டு வாங்குங்க. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை இதையெல்லாம் யார் கொடுத்தாலும் தொடாதீங்க, வனவிலங்குச் சட்டம் காத்து நிற்குது.

குழாய் ஒட்டி ஒரு நாள் காஞ்சதும், உப்பு கலக்கும் முன்னே, கிணத்துத் தண்ணியை நிரப்பிச் சோதியுங்க. பம்பை நிறுத்துங்க, போடுங்க, பத்து தடவை. ஒவ்வொரு வழக்கமான குழாய் வாயையும் துணியால அடைச்சு அவசரக் குழாய் வாங்குதான்னு பாருங்க. பம்பு நின்னபோது சம்பில் தண்ணி எங்கே வந்து நிற்குதோ அங்கே ஒரு கோடு, ஓடும்போது எங்கே இருக்கோ அங்கே ஒரு கோடு. எங்க வீட்டுல அது வீட்டுக்காரியோட சிவப்பு நகப்பாலிஷ். மாமியார் தண்ணி ஊற்றப் போனாலும் கீழ்க்கோட்டுல நிறுத்திடுவாங்க. அதுக்கப்புறம்தான் கிணத்துத் தண்ணியை இறக்கிட்டு ஆர்.ஓ. தண்ணி, உப்பு, கல், நாலு முதல் ஆறு வாரம் காத்திருப்பு, மீனுக்கு விஷமான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டினதும் முதல் மீன்.